பழைய 'சி' நிரலை பிரவுசருக்குள் ஓட்ட எந்த வழி?

சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். இருபது வருடமாகச் சேர்ந்த நூல் பிரதிகள் அவருடைய கணினியில் கிடக்கின்றன. சில பாமினி எழுத்துருவில், சில திஸ்கியில், சில இரண்டும் கலந்து. இரண்டுமே யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் சேமித்த பழைய முறைகள். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கான நிரலைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒருவர் 'சி' மொழியில் எழுதியது கைவசம் இருக்கிறது. ஆறாயிரம் வரிக்கு மேல் வரும். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் ஒழுங்காக ஓடும். ஆனால் மெய்ப்பு பார்ப்பவர்கள் யாரும் கறுப்புத் திரை பக்கம் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு வலைப்பக்கம் வேண்டும். கோப்பை இழுத்துப் போட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிரலை ஒரு சர்வரில் ஏற்றி ஓட்டினால் அரை நாள் வேலை. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சுக்குப் போகாத பிரதியை வேறு யார் கணினிக்கும் அனுப்புவதில்லை என்று எழுத்தாளர்களிடம் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் எல்லாமே மெய்ப்பு பார்ப்பவரின் கணினியிலேயே, பிரவுசருக்குள்ளேயே நடக்க வேண்டும். அதற்கு இன்று இருக்கும் வழி வெப்அசெம்பிளி: வேறு மொழிகளில் எழுதிய நிரலை பிரவுசருக்குள் ஓட்டுவதற்கான ஒரு கோப்பு வடிவம். சிக்கல் என்னவென்றால், அதற்குள் நுழைய ஐந்தாறு கதவுகள் இருக்கின்றன. எந்தக் கதவு என்று முடிவெடுக்க எனக்கு ஆன நாட்கள், வேலையைச் செய்து முடிக்க ஆன நாட்களைவிட அதிகம். அந்த அலைச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெப்அசெம்பிளி கோப்பைத் திறந்து பார்த்துவிடலாம். பெயரில் அசெம்பிளி என்று இருந்தாலும் யாரும் அதைக் கையால் எழுதுவதில்லை. வேறு மொழியில் எழுதி, கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கருவி) துப்பும் பைனரி கோப்பு அது. பைட் பைட்டாகக் காட்டும் கருவியில் திறந்தால் முதல் எட்டு எண்கள் எப்போதும் ஒன்றுதான்: 0, 97, 115, 109, 1, 0, 0, 0. நடுவில் உள்ள 97, 115, 109 மூன்றும் ஏ, எஸ், எம் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகள். அடுத்துள்ள 1, வடிவத்தின் பதிப்பு எண். அதற்குப் பிறகு எந்தெந்தச் செயற்கூறு என்ன வகை எண்களை வாங்கும், எதைத் திருப்பித் தரும், எதை வெளியே காட்டும் என்ற பட்டியல்களும், உண்மையான கட்டளைகளும். 2017-இல் வந்த முதல் பதிப்புக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்: 32 பிட், 64 பிட் முழு எண்கள், அதே அளவுகளில் தசம எண்கள். ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், என்று ஒன்று அதற்குத் தெரியாது. ஆப்ஜெக்ட் தெரியாது. வலைப்பக்கத்தில் ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது. 64 கிலோபைட் பக்கங்களாக அளந்து கொடுக்கப்படும் ஒரே நீளப் பட்டை மெமரிதான் அதன் உலகம். வெளியே எது வேண்டுமானாலும் பிரவுசரின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டு வாங்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த வடிவம் சோதனைக் கட்டத்தில் இருந்த காலத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே கதை இன்றைக்கும் வேறு உருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரவுசருக்குள் 'சி' நிரலை ஓட்ட கூகுள் 2011-இல் நேட்டிவ் கிளையன்ட் என்ற ஒன்றை குரோமில் வைத்தது. வேகம் இருந்தது. மற்ற பிரவுசர்கள் எதுவும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மொசில்லா வேறு பாதையில் போய் 2013-இல் ஏஎஸ்எம்.ஜேஎஸ் கொண்டுவந்தது. அது புது வடிவமே இல்லை. ஒவ்வொரு எண்ணின் பின்னாலும் |0 என்று ஒட்டி, 'இது முழு எண்தான், யோசிக்காதே' என்று இன்ஜினுக்கு (பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் பகுதிக்கு) குறிப்புக் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட். கண்ணால் பார்க்கச் சகிக்காது. ஆனால் எந்த பிரவுசரிலும் ஓடும், வேகம் மட்டும் கூடக் குறைய இருக்கும். 2015 ஜூனில் நான்கு பெரிய பிரவுசர்களின் ஆட்களும் சேர்ந்து வெப்அசெம்பிளியை அறிவித்தார்கள். 2016-இல் சோதனைப் பதிப்புகளில் மட்டும், அதுவும் ஒரு அமைப்பைத் தேடிப் போய் இயக்கினால்தான் ஓடும் நிலை. அந்தக் காலத்தில் பதிப்பு எண் அடிக்கடி மாறும். மாறியதும் நேற்றுக் கம்பைல் செய்த கோப்பை இன்றைய பிரவுசர் வாங்காது, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57 இரண்டும் எல்லோருக்குமாக அதைத் திறந்துவிட்டன. அப்போதுதான் எண் 1 என்று நிலைத்தது. அந்த வருட முடிவுக்குள் சஃபாரியும் எட்ஜும் சேர்ந்துகொண்டன. அதே 2017 மே மாதம் கூகுள் நேட்டிவ் கிளையன்டைக் கைவிடப் போவதாகச் சொல்லிவிட்டது. 2019 டிசம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெப்அசெம்பிளியை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது.

இதில் எனக்குத் தெரிவது ஒன்றுதான்: ஒரே பிரவுசரில் ஓடுவதை நம்பி வேலையை ஆரம்பித்தால் ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டிவரும். அடிப்படை இப்போது உறுதியாகிவிட்டது, சரி. மேலே சேர்ந்துகொண்டே இருக்கும் வசதிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் சிம்டி வசதி குரோமுக்கு 2021 மே மாதம் வந்தது. சஃபாரிக்கு 2023 மார்ச். நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம். ஐபோன் வைத்திருப்பவர்கள் உங்கள் பயனர்களில் இருந்தால் அந்த இரண்டு வருடத்துக்கு இரண்டு கோப்புகள் கம்பைல் செய்து, எது ஓடும் என்று பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

வெறும் ஜாவாஸ்கிரிப்ட்

வெப்அசெம்பிளிதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் முதலில் தீவிரமாக யோசித்தது ஆறாயிரம் வரியையும் ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுதிவிடலாமா என்பதைத்தான். வேகம் போதாதோ என்ற பயத்தைப் போக்கியது பழைய சண்டை ஒன்று.

மொசில்லாவில் சோர்ஸ்-மேப் என்ற நூலகம் ஒன்று உண்டு. சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்டின் ஓர் இடத்தைக் காட்டினால் மூல நிரலில் அது எங்கே இருந்தது என்று சொல்லும். 2018 ஜனவரியில் நிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் அதில் அதிக நேரம் தின்னும் பகுதியை ரஸ்ட் என்ற மொழியில் எழுதி வெப்அசெம்பிளியாக்கினார். 5.89 மடங்கு வரை வேகம் கூடியது என்று எழுதினார். அடுத்த மாதமே வ்யாசெஸ்லாவ் எகோரோவ் பதில் எழுதினார். கூகுளின் வி8 இன்ஜினில் வேலை பார்த்தவர் அவர். ரஸ்டைத் தொடாமல், பழைய ஜாவாஸ்கிரிப்டையே, எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் புரொஃபைலரில் போட்டுப் பார்த்தார். வரிசைப்படுத்தும் இடத்தில் ஒப்பிடும் செயற்கூறுக்குக் கொடுக்கும் மதிப்புகளின் எண்ணிக்கை பொருந்தாமல், ஒவ்வொரு அழைப்பிலும் இன்ஜின் இடையில் ஒரு சரிக்கட்டல் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. மொத்தத்தையும் ஒரேயடியாக வரிசைப்படுத்துவதற்குப் பதில் வரிவரியாக, தேவைப்படும்போது மட்டும் வரிசைப்படுத்தலாம் என்பதும் தெரிந்தது. ஸ்ட்ரிங்காகப் படித்ததை பைட்டாகப் படிக்க மாற்றினார். இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்து ரஸ்ட் பதிப்பின் வேகத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். எகோரோவ் அடைந்த வேகம் புரொஃபைலரோடு உட்கார்ந்து, இன்ஜினின் உள்மனதைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கிடைத்த வேகம். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அது சாதாரணமாக எழுதியதிலேயே கிடைத்தது. எண்களின் வகை முன்கூட்டியே முடிவாகியிருப்பதால் இன்ஜின் ஊகம் செய்து, ஊகம் பிழைத்து, மறுபடி கம்பைல் செய்யும் கூத்து அங்கே இல்லை. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, நிரல் மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மொழி மாறக் கூடாது என்பது. முதலில் எங்கே மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள்.

என் வேலையில் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. எழுத்து மாற்றுவது என்பது அட்டவணையைப் பார்ப்பதும், கொஞ்சம் இடம் மாற்றுவதும்தான். திஸ்கியில் 'கொ' என்பது பார்வைக்கு இருக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படும்: கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில் வந்து, ஒகரக் குறி ஒரே எழுத்தாகப் பின்னால் வர வேண்டும். கொம்பைப் பார்த்ததும் அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்து, அதற்கும் அடுத்தது காலா என்று எட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். முந்நூறு பக்க நாவலை ஜாவாஸ்கிரிப்டே கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிவிடும்.

அப்படியானால் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை? அந்த ஆறாயிரம் வரியில் அட்டவணை பாதிகூட இல்லை. மீதி முழுக்க விதிவிலக்குகள். ஒரு குறிப்பிட்ட டைப்செட்டிங் மென்பொருள் கொம்பை இரண்டு முறை வைத்துவிடும், இன்னொன்று 'ஔ'வையும் 'ஒள'வையும் குழப்பும், பழைய எழுத்துருவில் 'ர'வும் காலும் ஒரே மாதிரி இருப்பதால் தட்டச்சு செய்தவர் ஒன்றுக்கு மற்றதை அடித்திருப்பார். எழுதியவர் ஒவ்வொரு விதிவிலக்கையும் ஏதோ ஒரு கோப்பில் முட்டிக்கொண்டுதான் சேர்த்திருக்கிறார். அதற்கு டெஸ்ட் எதுவும் இல்லை. மாற்றி எழுதினால் எதை விட்டேன் என்று எனக்குத் தெரியாது. நாலு மாதம் கழித்து யாராவது ஒரு மெய்ப்பு பார்ப்பவர் கண்டுபிடிப்பார். இருக்கிற நிரலை ஒரு வரி மாற்றாமல் அப்படியே ஓட்டுவதுதான் உசத்தி என்று தோன்றியது. நான் வெப்அசெம்பிளிக்குப் போனது வேகத்துக்காக இல்லை, பழைய நிரலைத் தொடும் பயத்தால்தான்.

எம்ஸ்கிரிப்டன்

பழைய 'சி' நிரல் கையில் இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அலோன் ஸகாய் 2010 வாக்கில் ஆரம்பித்தது. வெப்அசெம்பிளி வருவதற்கு முன்பே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வழக்கமான 'சி' கம்பைலரான ஜிசிசி இருந்த இடத்தில் எம்சிசி என்று அடித்தால் இரண்டு கோப்புகள் வரும். ஒன்று பைனரி, மற்றொன்று அதைக் கட்டி மேய்க்கும் ஜாவாஸ்கிரிப்ட். இதன் பெரிய பலம், நிரல் தான் ஒரு சாதாரணக் கணினியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மெமரிக்குள்ளேயே ஒரு போலிக் கோப்பு அமைப்பு உண்டு. நிரல் கோப்பைத் திற என்றால் திறக்கும், எழுது என்றால் எழுதும். பயனர் இழுத்துப் போட்ட கோப்பை அந்தப் போலி அடுக்கில் வைத்து, நிரலை ஓட்டி, வெளியே வந்த கோப்பை எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் மாலையே ஓடிவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை.

மறுநாள்தான் விஷயம். கோப்பாக இல்லாமல் நாலு வரியை ஒட்டி மாற்றிப் பார்க்க ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். ஒட்டிய ஸ்ட்ரிங்கை மெமரிக்குள் எழுதி, அதன் முகவரியை 'சி'யிடம் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிங்கின் நீளத்தோடு ஒன்று கூட்டி இடம் ஒதுக்கினேன், எழுதச் சொன்னேன். பாமினி வரிகள் அழகாக மாறின. ஒருவர் பாமினிக்கு நடுவே ஏற்கெனவே யூனிகோடில் இருந்த வரியையும் சேர்த்து ஒட்டினார். பின்பாதி முழுதும் காணோம். சின்னதாக்கிச் சின்னதாக்கிக் கடைசியில் 'தமிழ்' என்ற ஒரே சொல்லை ஒட்டிப் பார்த்தேன். 'த' மட்டும் வெளியே வந்தது.

காரணம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். 'தமிழ்' என்பது யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு குறிகளை பைட்டுகளாக எழுத யூடிஎஃப்-16, யூடிஎஃப்-8 என்று வெவ்வேறு முறைகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங்கை யூடிஎஃப்-16 ஆக வைத்திருக்கிறது, ஆகவே நீளம் 5 என்று சொல்லும். 'சி' பக்கம் போவது யூடிஎஃப்-8. அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 15 பைட்டும், முடிவைக் காட்டும் பூஜ்யம் ஒன்றும் சேர்த்து 16 வேண்டும். நான் கொடுத்தது 6. அதில் பூஜ்யத்துக்கு ஒன்று போக ஐந்து, ஐந்தில் ஒரு எழுத்துதான் முழுதாக அடங்கும். பாமினி என்பது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள், ஒன்றுக்கு ஒரு பைட். அதனால் அதுவரை மாட்டவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை ஆயுசுக்கும் தெரியாது. பைட் கணக்கை எண்ணித் தர எம்ஸ்கிரிப்டனிலேயே தனிச் செயற்கூறு இருக்கிறது. ஆவணத்தைப் படிக்காதது என் தப்பு.

இதைவிட மோசமான இன்னொன்று. வெளியீட்டுக்கு, உள்ளீட்டைப் போல மூன்று மடங்கு இடம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். திஸ்கியில் 'க்', 'கு' போன்றவை ஒரே பைட்டில் அடங்கிவிடும். யூனிகோடில் அவை இரண்டு குறிகள், ஆக ஆறு பைட். மெய்யெழுத்து நிறைய வரும் பத்தியில் மூன்று மடங்கு போதாது. சாதாரணக் கணினியில் இப்படி எல்லை தாண்டி எழுதினால் பெரும்பாலும் நிரல் செத்து விழும், உடனே தெரிந்துவிடும். வெப்அசெம்பிளியில் மெமரி ஒரே நீளப் பட்டை. அதன் கடைசி விளிம்பைத் தாண்டினால்தான் பிழை. பூஜ்ய முகவரியில் எழுதினாலும் தடுக்க ஆள் கிடையாது. என் நிரல் பக்கத்தில் இருந்த அட்டவணையின் மேல் எழுதிவிட்டு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் ஓடி முடித்தது. அடுத்த கோப்பில் ளகரம் எல்லாம் வேறு ஏதோவாக மாறியபோதுதான் தெரிந்தது. பிரவுசர் பாதுகாப்பானது என்பதெல்லாம் பிரவுசருக்கு வெளியே இருக்கும் உங்கள் கணினிக்கு. நிரலின் உள்ளுக்குள் நடக்கும் குளறுபடியை அது கண்டுகொள்ளாது. முகவரிப் பிழைகளைப் பிடிக்கும் சானிடைசரைச் சேர்த்து ஒருமுறை கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓடும், ஆனால் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மெமரி வளர்வதிலும் ஒரு பொறி உண்டு. வேலை நடுவில் மெமரி போதாமல் வளர்ந்தால், அதற்கு முன் அந்த மெமரியைப் பார்க்க ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் நீங்கள் பிடித்து வைத்திருந்த ஜன்னல் செல்லாது. அதன் நீளம் பூஜ்யம் ஆகிவிடும். அழைப்பு முடிந்ததும் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரஸ்ட்

புதிதாக ஆரம்பிக்கும் வேலை என்றால், எனக்கு ரஸ்ட்தான். மேலே சொன்ன முதல் பிழை அங்கே வந்திருக்க வாய்ப்பில்லை. வாஸ்ம்-பைண்ட்ஜென் என்ற கருவி ஸ்ட்ரிங்கை எண்ணி, இடம் ஒதுக்கி, மாற்றி, இரண்டு பக்கத்துக்குமான ஒட்டு வேலையைத் தானே எழுதித் தந்துவிடும். டைப்ஸ்கிரிப்டுக்கான (வகைக் குறிப்புகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) வகைக் குறிப்புகள்கூட வரும். இரண்டாவது பிழையும் நடந்திருக்காது. எல்லை தாண்டினால் மொழியே நிறுத்திவிடும். பயன்படாத மெமரியைத் தேடி விடுவிக்கும் குப்பை பொறுக்கும் இயந்திரம் எதையும் கூடவே தூக்கி வராததால் கோப்பும் சின்னதாக இருக்கும்.

முள்ளும் உண்டு. பிரவுசருக்காகக் கம்பைல் செய்யும்போது ரஸ்டின் நிலையான நூலகம் பாதி வெறும் பொம்மை. கம்பைல் ஆகும், ஓடும்போது ஏமாற்றும். நேரம் என்ன என்று கேட்டால் நிரல் பீதியடைந்து நின்றுவிடும். கோப்பைத் திற என்றால் முடியாது என்று பிழை வரும். ஏதோ ஒரு நூலகத்தின் உள்ளுக்குள் யாரோ நேரம் கேட்டிருந்தால் போச்சு. அப்புறம், என்னிடம் இருப்பது 'சி' நிரல். ரஸ்டில் மாற்றி எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுதுவதைப் போன்றதே. அதே விதிவிலக்குகளை அதே மாதிரி தவறவிடுவேன், கூடவே கம்பைலரிடம் திட்டும் வாங்குவேன். ரஸ்டை இங்கே கழித்தது அதன் குறையால் இல்லை.

கோ, டைனிகோ, அசெம்பிளிஸ்கிரிப்ட்

கோ மொழி 2018 ஆகஸ்டில் வந்த 1.11 பதிப்பிலிருந்து வெப்அசெம்பிளிக்குக் கம்பைல் ஆகிறது. அலுவலகத்தில் நாள் முழுக்க கோ எழுதுகிறவன் என்பதால் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கோ தன் வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு வரும் ஆள். நிரல் ஓடத் தேவையான ரன்டைம், குப்பை பொறுக்கி, ஒரே சமயத்தில் நடக்கும் வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஷெட்யூலர், எல்லாம் கூடவே. ஒன்றுமே செய்யாத நிரலுக்கும் ஏறக்குறைய 2 எம்பி, நூலகங்கள் சேர்ந்தால் 10 எம்பிக்கு மேல் போவதும் சகஜம் என்று கோவின் சொந்த ஆவணமே சொல்கிறது. பயணத்தில் போனில் திறந்து பார்க்கும் மெய்ப்பு பார்ப்பவருக்கு அது நியாயமாக இல்லை. வேறு பழக்கவழக்கங்களும் உண்டு. முதன்மைச் செயற்கூறு முடிந்துவிட்டால் நிரல் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தினால் 'நிரல் ஏற்கெனவே முடிந்துவிட்டது' என்று வரும். அதனால் முடிவில்லாமல் காத்திருக்கச் சொல்லி ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். கூடவே வரும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் கம்பைலரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். கம்பைலரை மேம்படுத்திவிட்டு அந்தக் கோப்பை மாற்ற மறந்தால் புரியாத பிழைகளாகக் கொட்டும். வீட்டுக்குள் மட்டும் பயன்படும் கருவி, எல்லோரும் கணினியில் திறப்பார்கள், சர்வரில் இருக்கும் அதே கோ நிரலை இங்கேயும் ஓட்ட வேண்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம். கோ மொழிக்கான இன்னொரு சின்னக் கம்பைலரான டைனிகோ அளவைப் பத்துகளிலோ நூறுகளிலோ கிலோபைட்டுக்கு இறக்கிவிடும். ஆனால் நிரல் ஓடும்போதே தன் வகைகளை ஆராய்ந்துகொள்ளும் ரிஃப்ளெக்ஷன் அதில் முழுசாகக் கிடையாது, அதை நம்பியிருக்கும் நூலகங்கள் முரண்டு பிடிக்கும்.

அசெம்பிளிஸ்கிரிப்ட் பார்க்க டைப்ஸ்கிரிப்ட் மாதிரி இருக்கும். மாதிரிதான். குளோஷர் (தன்னைச் சுற்றியிருந்த மாறிகளை நினைவில் வைத்திருக்கும் செயற்கூறு) கிடையாது என்று தெரிந்ததும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். ஸ்ட்ரிங்கை ஜாவாஸ்கிரிப்டைப் போலவே யூடிஎஃப்-16 ஆக வைத்திருப்பது தமிழ் வேலைக்கு ஒரு சின்னச் சௌகரியம். படம் சுழற்றுவது, கணக்குப் போடுவது போன்ற ஒற்றைச் செயற்கூறுகளுக்குச் சரி.

ஜாவா, கோட்லின், டார்ட் கூட்டம்

இந்த மொழிகளில் பெரிய நிரல் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை சமீபத்தில்தான் மாறியது. முன்பு இவையும் கோ மாதிரி குப்பை பொறுக்கியைச் சுமந்துகொண்டு வர வேண்டியிருந்தது. பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் குப்பை பொறுக்கியையே பயன்படுத்திக்கொள்ளும் வசதி 2023 இறுதியில் குரோம் 119-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 120-இலும் வந்தது. சஃபாரி 18.2 வர 2024 டிசம்பர் ஆனது. மறுபடியும் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி. பழைய ஐபோன்களை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவர்களை நினைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸ் இந்தப் பாதையில் போன கதை படிக்க வேண்டியது. அதன் கணக்கிடும் பகுதி ஜாவாவில் எழுதப்பட்டது, 2006-இல் சர்வரில் ஓடியது. 2013 முதல் அந்த ஜாவாவை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி பிரவுசரில் ஓட்டினார்கள். பிறகு அதை வெப்அசெம்பிளிக்கு மாற்றியபோது முதலில் கிடைத்தது ஜாவாஸ்கிரிப்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவான ஒன்று. ஆமாம், மெதுவான. இத்தனை வருடமாக ஜாவாஸ்கிரிப்டுக்காக இன்ஜின்களில் செய்துவைத்த ஊகத் தந்திரங்கள் புது வடிவத்துக்கு இன்னும் செய்யப்படவில்லை. அவற்றைச் செய்தார்கள். எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேலைக்கு ஜாவா நூலகத்தைக் கம்பைல் செய்து கொண்டுவராமல் பிரவுசரிடமே விட்டார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் பல மடங்கு வேகம் கிடைத்தது. கடைசியில் ஜாவாஸ்கிரிப்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்துக்கு வந்து நின்றார்கள். இன்ஜின் எழுதுகிறவர்களே பக்கத்து அறையில் இருக்கும் நிறுவனத்துக்கு இது முடியும். நாம் முதல் கட்டத்திலேயே, மெதுவான கட்டத்திலேயே, மாட்டிக்கொண்டு நிற்போம்.

பைதான் ஆட்களுக்கு பயோடைட் இருக்கிறது. பைதான் மொழியின் இயந்திரத்தையே எம்ஸ்கிரிப்டனில் போட்டு எடுத்தது. பாடம் நடத்தவும் தரவு ஆராயவும் அருமை. ஒரு பொத்தானுக்காக அதை இறக்குவது, எலுமிச்சம்பழம் வாங்க லாரி பிடிப்பது.

எல்லையைத் தாண்டும் கணக்கு

எந்த மொழியை எடுத்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் வெப்அசெம்பிளிக்கும் நடுவே ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. எண் மட்டும் போனால் வேகமாகக் கடக்கலாம். ஸ்ட்ரிங் போனால் ஒவ்வொரு முறையும் யூடிஎஃப்-16-இலிருந்து 8-க்கு மாற்றி, நகலெடுத்து, திரும்பும்போது மறுபடி மாற்றி நகலெடுக்க வேண்டும். தமிழுக்கு அதிலும் ஒரு கூடுதல்: ஒரு குறி அங்கே இரண்டு பைட், இங்கே மூன்று. நான் ஆரம்பத்தில் சொல்லுக்குச் சொல் 'சி'யை அழைத்து மாற்றும் ஒரு பதிப்பு எழுதிப் பார்த்தேன், திரையில் மாற்றம் ஓடுவது அழகாகத் தெரியும் என்று. சாவடியில் நிற்கும் நேரம் மாற்றும் நேரத்தை விழுங்கிவிட்டது. முழுக் கோப்பையும் பைட்டாகவே ஒரே தடவை உள்ளே அனுப்பி, ஒரே தடவை வெளியே எடுத்ததும் அந்தத் தொல்லையே இல்லை. உங்கள் வேலை நிமிடத்துக்கு ஆயிரம் முறை சின்னச் சின்ன ஸ்ட்ரிங்குகளோடு இந்தக் கோட்டைத் தாண்டும் வகையா, ஒருமுறை பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு தாண்டும் வகையா என்று பாருங்கள். முதல் வகை என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருந்துவிடுவது நல்லது.

ஏற்றும்போது நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தை வைக்க எடுத்த மலிவான ஹோஸ்டிங், வெப்அசெம்பிளி கோப்பை 'ஏதோ ஒரு பைனரி' என்று சொல்லி அனுப்பியது. சர்வர் அதை அப்ளிகேஷன்/வாஸ்ம் என்ற வகைப்பெயரோடு அனுப்பினால்தான், இறங்க இறங்கவே கம்பைல் செய்யும் வழியை பிரவுசர் திறக்கும். இல்லாவிட்டால் பிழை, அல்லது முழுக்க இறங்கும்வரை காத்திருக்கும் சுற்றுவழி. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. சுருக்கி அனுப்பும் வசதியையும் கையோடு இயக்கிவிடுங்கள், பைனரிதானே என்று சர்வர்கள் பல நேரம் விட்டுவிடுகின்றன. வேலையைப் பிரித்துப் பல த்ரெட்களில் ஒரே சமயத்தில் ஓட்டும் ஆசை இருந்தால் முதலில் ஹோஸ்டிங்கைப் பாருங்கள். 2018 ஜனவரியில் பிராசசர்களில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்ததும், த்ரெட்களுக்குத் தேவையான பகிர்ந்த மெமரியை பிரவுசர்கள் மூடிவிட்டன. பிறகு, பக்கத்தை மற்ற தளங்களிடமிருந்து தனிமைப்படுத்தும் இரண்டு ஹெடர்களை (பக்கத்தோடு போகும் குறிப்பு வரிகளை) சர்வர் அனுப்பினால் மட்டும் தருகின்றன. இலவசமாக நிலைப் பக்கங்களை வைக்கத் தரும் இடங்கள் சிலவற்றில் ஹெடரை நாமே வைக்க முடியாது. எனக்கு ஒரே த்ரெட் போதும் என்பதால் தப்பித்தேன்.

ஆக, நண்பரின் வேலைக்கு எம்ஸ்கிரிப்டன். கையில் பழைய 'சி' நிரல் இருந்தது, அதன் விதிவிலக்குகளை யாராலும் மறுபடி எழுத முடியாது, கோட்டைத் தாண்டுவது கோப்புக்கு ஒருமுறை. இந்த மூன்றில் முதலாவது இல்லாமல் இருந்திருந்தால், அதாவது அட்டவணையிலிருந்து புதிதாக எழுத வேண்டியிருந்தால், இரண்டாம் யோசனையின்றி ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருப்பேன். ரஸ்ட் எனக்குப் பிடிக்கும்தான், இருந்தாலும் அட்டவணை பார்க்கும் வேலைக்கு ஒரு கம்பைலரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. படம், ஒலி, சொற்பிழை திருத்தும் பெரிய அகராதி என்று ஏதாவது இருந்திருந்தால் ரஸ்ட்.

பக்கம் இப்போது ஓடுகிறது. பயனர் கோப்பைப் போட்டதும் வைஃபையை அணைத்துவிட்டு மாற்றிக் காட்டினேன். எதுவும் வெளியே போகவில்லை என்று நண்பர் நம்பியது அப்போதுதான். மறுவாரம் அவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே கணினிக்கு முந்தைய காலத்துப் புத்தகங்கள், ஸ்கேன் செய்து எழுத்தாக்க முடியுமா என்கிறார். அதற்கு டெசராக்ட் என்ற சி++ நூலகம் இருக்கிறது, தமிழும் தெரியும். அதை ஏற்கெனவே எம்ஸ்கிரிப்டனில் போட்டு பிரவுசருக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள். இந்த முறை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை, பெட்டியைப் பிரித்து ஸ்கேன் செய்வதுதான் பாக்கி.